குதிரையின் பூர்வீகமும் உலகப் பரவலும்: தமிழ் நிலத்தில் அது வேரூன்றாமைக்குக் காரணங்கள்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் ஊர் எல்லையில் ஐயனார் கோவில் இல்லாத கிராமம் அரிது. அக்கோவில்களின் முன் சுட்ட மண்ணாலும் சுதையாலும் செய்த குதிரைகள் ஆளுயரத்திற்கு மேலாகவும் நிற்கின்றன. ஆயினும் அதே கிராமங்களின் தொழுவங்களில் மாடு, எருமை, ஆடு ஆகியவை நிறைந்திருக்க, உயிருள்ள குதிரையைக் காண்பது அரிதாகும். தெய்வத்தின் வாகனமாகவும் அரசரின் படையாகவும் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழர் நன்கறிந்த இப்பிராணி, குடியானவரின் பிராணியாக ஒருபோதும் ஆகவில்லை. இதன் காரணத்தை ஆராய்வது வெறும் சரித்திர விநோதம் அன்று. அயல் நாட்டுக் கால்நடையையோ பயிரையோ விலை கொடுத்து வாங்க முற்படும் ஒவ்வொரு நிலச்சொந்தக்காரரும் அறிந்துகொள்ளத்தக்க பாடம் இதில் அடங்கியுள்ளது. ஆதலால் குதிரை எங்கே தோன்றியது, எவ்வாறு உலகெங்கும் பரவியது, தமிழ் நிலத்தில் மட்டும் ஏன் நிலைபெறவில்லை என்பவை ஈண்டு முறையே விளக்கப்படுகின்றன.

அரியலூர் நிலம் காட்டும் கால அளவு

குதிரையின் வயதை அறிய இப்பகுதியின் நிலமே ஓர் அளவுகோலாக உதவும். அரியலூரைச் சுற்றிலும் சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளில், நத்தைபோல் சுருண்ட பெரிய ஓடுகளும் சிப்பிகளும் கல்லாய் உறைந்து கிடக்கின்றன. இந்நிலம் ஒரு காலத்தில் கடலின் அடியில் இருந்தது என்பதற்கு இவையே சான்று. 1862-இல் எச். எப். பிளான்போர்டு என்னும் நிலநூலறிஞர் இப்பாறைகளை உட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அவற்றின் பெரும்பகுதி ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கும் 6.6 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் படிந்தது. பெரம்பலூர் ஜில்லாவில் சாத்தனூரில் கல்லாய்க் கிடக்கும் 18 மீட்டர் நீளமுள்ள மரத்தை 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். செந்துறைப் பகுதியில் 2009-இல் டைனோசர் முட்டைகள் கண்டெடுக்கப்பட்டன.

குதிரைக் குலத்தின் மிகப் பழைய முன்னோர் உலகில் தோன்றியது ஏறக்குறைய 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே ஆகும். ஆதலின், அரியலூர்க் கடற்படுகைகள் படிந்த காலத்தில் குதிரை என்னும் குலமே இல்லை. அப்பாறைகளினுள் காணப்படும் எலும்பு எதுவும் குதிரையின் எலும்பாதல் இயலாது. இந்நிலத்திற்குக் குதிரை பிற்காலத்தில் வந்த விருந்தாளியே.

நாயளவு பிராணி குதிரையான வரலாறு

குதிரைக் குலம் படிப்படியாக வளர்ந்த இடம் வட அமெரிக்கா. ஆதியில் அது சிறு நாயின் அளவே இருந்தது. முன்கால் ஒவ்வொன்றிலும் நான்கு விரல்களும், பின்கால் ஒவ்வொன்றிலும் மூன்று விரல்களும் கொண்டு, ஈரமான காடுகளில் இலைதழைகளைக் கடித்து வாழ்ந்தது. காலப்போக்கில் அக்கண்டத்தின் தட்பவெப்பம் வறண்டது. காடு குறைந்து புல்வெளி பெருகிற்று. புல்லின் தாளில் மணலின் இயல்புடைய சிலிகா என்னும் பொருள் கலந்துள்ளதால் அதை மெல்லும் பல் விரைவில் தேயும். ஆகவே நீண்டு உயர்ந்த கடைவாய்ப் பற்களை உடையவை பிழைத்துப் பெருகின. மறைவிடமில்லாத வெளியில் பகைவிலங்கிடமிருந்து தப்ப ஓட்டமே துணை. கெட்டியான வறண்ட தரையில் ஓடுவதற்கு நடுவிரல் ஒன்றே வலுத்துக் குளம்பாயிற்று. ஏனைய விரல்கள் சுருங்கின. இன்றும் குதிரையின் முழங்காலுக்குக் கீழே, பெரிய எலும்பின் இருபுறமும் மெல்லிய இரண்டு எலும்புகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கையால் தடவி அறியலாம். மறைந்துபோன விரல்களின் எச்சம் அவையே.

இவ்வாறு குதிரையின் பல், குளம்பு, குடல் ஆகிய யாவும் வறண்ட, குளிர்ந்த, பரந்த புல்வெளிக்கென அமைந்தவை. இக்கட்டுரையில் பின்னர்க் கூறப்படும் அனைத்திற்கும் இதுவே அடிப்படை.

இக்காலக் குதிரை, கழுதை, வரிக்குதிரை ஆகியவற்றின் பொது மூதாதை ஏறக்குறைய 40 முதல் 45 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் அமெரிக்காவையும் ஆசியாவையும் இணைத்திருந்த நிலப்பாலத்தின் வழியே இக்குலம் ஆசியாவை அடைந்தது. இமயத்தின் அடிவாரமாகிய சிவாலிக் குன்றுகளிலும் நருமதைப் பள்ளத்தாக்கிலும் அக்குலத்தைச் சேர்ந்த பழம்பிராணிகளின் எலும்புகள் கிடைத்துள்ளன. ஆனால் அவை அழிந்துபோன வேறு இனங்கள். வீட்டுக்குதிரையின் நேர் முன்னோர் அல்ல. ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன், குதிரை தன் பிறப்பிடமாகிய அமெரிக்காவிலேயே அடியோடு அழிந்தது. ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் சென்று குடியேறிய கிளையே எஞ்சியது.

மனிதன் குதிரையைப் பழக்கிய காலம்

மாடும் ஆடும் பழக்கப்பட்டுப் பல ஆயிரம் ஆண்டுகள் சென்ற பின்னரே குதிரை மனிதன் கைக்கு வந்தது. கஜகஸ்தான் நாட்டில் போட்டாய் என்னுமிடத்தில் கி.மு. 3500-ஐ ஒட்டிய காலத்து மக்கள் குதிரை இறைச்சியை உண்டு, குதிரைப்பாலையும் பயன்படுத்தினர் என்பதற்கு அவர்களுடைய மட்பாண்டங்களில் படிந்த கொழுப்பே சான்று தருகிறது. எனினும், இன்று உலகெங்கும் உள்ள வீட்டுக்குதிரைகள் அக்கூட்டத்தின் வழிவந்தவை அல்ல. பழங்காலக் குதிரை எலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2021-இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, இக்காலக் குதிரைகளின் பூர்வீகம் ருஷியாவின் தென்பகுதியில் வோல்கா, தான் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளியாகும். கி.மு. 2200-ஐ ஒட்டி அவ்விடத்துக் குதிரைகள் விரைவாகப் பெருகிச் சில நூற்றாண்டுகளுக்குள் பிற இனக் குதிரைகளின் இடத்தையெல்லாம் கைப்பற்றின. முதுகின் வலிமைக்கும் அமைதியான சுபாவத்திற்கும் தொடர்புடைய மரபணுக்கள் அவற்றில் சிறந்து விளங்கின. பாரம் தாங்குவதையும் மனிதனுக்கு அடங்குவதையும் பார்த்து அக்கால இடையர் இனவிருத்திக்குப் பொறுக்கினர் என்று இதனால் ஊகிக்கலாம்.

உலகெங்கும் பரவிய விதம்

முதலில் ஆரக்கால் சக்கரமுள்ள இலேசான தேரிற் பூட்டப்பட்டும், பிறகு முதுகில் ஏறப்பட்டும் குதிரை மேற்கே ஐரோப்பாவையும், தெற்கே பாரசீகம், மெசபொத்தாமியா, எகிப்து ஆகிய நாடுகளையும், கிழக்கே சீனத்தையும் அடைந்தது. இந்தியாவின் வடமேற்குக் கணவாய்களின் வழியாகவும் வந்தது. நாகபுரிக்கு அண்மையில் உள்ள மகுர்ஜரி போன்ற பெருங்கற்காலப் புதைகுழிகளில் குதிரையின் எலும்புகளும் அதற்குரிய செப்பு அணிகளும் கிடைத்துள்ளமையால், இரும்புக்காலத்திலேயே தக்காணத்தில் குதிரை வழங்கியமை தெரிகிறது.

அமெரிக்காவிற்குக் குதிரை திரும்பச் சென்றது கொலம்பஸ் 1493-இல் மேற்கொண்ட இரண்டாம் பயணத்தில். 1519-இல் மெக்சிகோவிற் கரையிறங்கிய கோர்ட்டெஸ் கொண்டுசென்றவை 16 குதிரைகளே. எனினும் ஓரிரு நூற்றாண்டுகளுக்குள் வட அமெரிக்கச் சமவெளிகளிலும், தென் அமெரிக்காவின் பாம்பாஸ் புல்வெளியிலும் தப்பியோடிய குதிரைகள் காவலின்றிக் காட்டுக்கூட்டங்களாகப் பெருகிவிட்டன. லாயம் கட்டியவர் இல்லை. தீனி வைத்தவரும் இல்லை. தன் உடலை உருவாக்கிய புல்வெளியைக் குதிரை மீண்டும் அடைந்ததே அதற்குக் காரணம். ஆஸ்திரேலியாவிற்கு 1788-இல் முதற் குடியேற்றக் கப்பல்கள் ஒரு சில குதிரைகளையே கொண்டுசென்றன. அங்கும் வறண்ட புல்வெளியில் அவை பெருகி, 19-ஆம் நூற்றாண்டில் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் அளவிற்கு மிகுந்தன.

குதிரைக்கு ஏற்ற நிலத்தில் சில குதிரைகள் பல்லாயிரமாயின என்பதை இவ்வுதாரணங்கள் காட்டுகின்றன. ஏற்காத நிலத்தில் பல்லாயிரமும் கரைந்துபோனமைக்குத் தமிழ்நாடே உதாரணம்.

தமிழகம் குதிரைக்குக் கொடுத்த விலை

தமிழகத்திற்குக் குதிரை பெரும்பாலும் கடல்வழியே வந்தது. காவிரிப்பூம்பட்டினத்திற்குக் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுக்களில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் காணப்படுகின்றனர். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொருளை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறைக் கோவிலுக்குச் செலவிட்ட வரலாற்றைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். நரி பரியான அற்புதத்தை ஒரு புறம் வைத்துப் பார்த்தாலும், அரசனுடைய கருவூலம் குதிரைக்காகத் துறைமுகத்திற்குச் சென்றது என்னும் உலகியல் செய்தி அக்கதையினுள் இருக்கிறது. அரியலூர் ஜில்லாவில் உள்ள கங்கைகொண்ட சோழபுரம் 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராஜேந்திர சோழனால் தலைநகராக்கப்பட்டு, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அந்நிலையில் இருந்தது. சோழர் படையில் குதிரைச் சேவகர் இருந்தமையைக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன.

இவ்வாணிகத்தின் அளவை அயல்நாட்டார் எழுதிவைத்துள்ளனர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டரசனும் அவன் சகோதரரும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியும், ஆண்டு முடிவில் உயிரோடு எஞ்சுபவை மிகச் சிலவே என்று எழுதினார். குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுத்தனர் என்றும், பழகிய குதிரை வைத்தியரும் லாடக்காரரும் இந்நாட்டில் இல்லை என்றும், அத்தகையோர் இங்கு வாராதபடி குதிரை வணிகரே பார்த்துக்கொண்டனர் என்றும் அவர் கூறினார். குதிரை சாகச் சாக வணிகருக்கு லாபம் அன்றோ!

14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப், குதிரை ஒன்றின் விலை 220 பொற்காசு என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது என்றும் எழுதினார். வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பசும்பாலும் அவற்றிற்குத் தீனியாக வைக்கப்பட்டன என்பதும் அவர் கூற்று. அவ்வாசிரியர் கூறும் மற்றொரு செய்தி நிலச்சொந்தக்காரர்கள் ஊன்றி நோக்கத்தக்கது. குதிரை விலை பெரும்பாலும் கோவில் நிலங்களின் வருவாயிலிருந்து கொடுக்கப்பட்டதாம். இந்நாட்டு வயல்களில் விளைந்த நெல்லே பொன்னாக மாறிக் கடல்கடந்து சென்றது. அதற்கு ஈடாக வந்த குதிரையோ ஓராண்டு நிலைப்பதும் அரிதாயிருந்தது.

விஜயநகர அரசர் காலத்திலும் இந்நிலை மாறவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டைப் பற்றி எழுதிய போர்த்துகேசியர் நூனிஸ், கிருஷ்ணதேவராயர் ஆண்டுதோறும் ஆர்மஸ் குதிரைகளும் நாட்டுக் குதிரைகளுமாக 13,000 வாங்கினார் என்று குறிக்கிறார். அவருக்கு முன் ஆண்ட சாளுவ நரசிம்மர், கப்பலில் இறந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலும் முழு விலை கொடுத்தாராம். படைக்குக் குதிரை இன்றியமையாததாக இருந்த காலத்தில் அரசர்கள் வேறு என்ன செய்ய இயலும்? பெரம்பலூருக்கு அண்மையிலுள்ள வாலிகண்டபுரத்தில் 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் நவாப்புகளுக்குத் துணைநின்று பொருத காலம் வரையிலும் குதிரைப்படைக்கு இருந்த மதிப்புக் குறையவில்லை.

ஆங்கிலேயக் கம்பெனியாரும் இதே இடரை எதிர்கொண்டனர். அவர்கள் 1824-இல் ஓசூருக்கு அண்மையில் மத்திகிரியில் படைக்குதிரைப் பண்ணை ஒன்றை நிறுவினர். அவ்விடம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் குளிர்ந்த தட்பவெப்பம் உடையது. எனினும் சென்னை இராஜதானியின் படைக்குரிய குதிரைகள் கப்பல்களிலேயே தொடர்ந்து வந்தன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்திலிருந்து வந்தமையால் அவை வேலர் எனப் பெயர் பெற்றன. மத்திகிரிப் பண்ணையோ பிற்காலத்தில் மாட்டுப் பண்ணையாக மாறி அரசாங்கக் கால்நடை இலாகாவின் வசம் சேர்ந்தது. குதிரைக்கென ஒதுக்கிய நிலத்தில் இறுதியில் மாடே நிலைத்தது.

நிலைபெறாமைக்குக் காரணங்கள்

முதலாவது, தீனி. மாடு அசை போடும் பிராணி. பெரிய பசுவின் இரைப்பையின் முதல் அறை 100 லிட்டருக்கு மேற்பட்டது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. குதிரை அசை போடுவதில்லை. அதன் இரைப்பை 8 முதல் 15 லிட்டர் கொள்ளளவே உடையது. புல் புளிப்பது பின்குடலில்தான். ஆகவே அது நாள் முழுதும் சிறிது சிறிதாக நல்ல உலர்புல்லை மேய வேண்டும். நெல் விளையும் நாட்டில் மிகுதியாகக் கிடைப்பது வைக்கோலும் தவிடும். வைக்கோலில் மாடு வாழும், குதிரை மெலியும். தவிட்டில் மணிச்சத்து மிகுதியாகவும் சுண்ணாம்புச் சத்துக் குறைவாகவும் இருப்பதால், தவிட்டையே மிகுதியாகத் தின்னும் குதிரையின் எலும்பு மிருதுவாகி முகம் வீங்கும். வறண்ட புன்செயில் நன்கு வளரும் கொழுக்கட்டைப்புல்லும் மாட்டிற்கும் ஆட்டிற்கும் சிறந்த தீனியே. ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருள் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடுகிறது. அசை போடும் பிராணியின் வயிற்றில் அப்பொருள் சிதைந்துவிடும். குதிரையின் வயிற்றில் அவ்வாறு சிதைவதில்லை. சுண்ணாம்புப் பாறையின் மேல் வளர்ந்த புல்லைத் தின்றும் குதிரை சுண்ணாம்புச் சத்தின்றி வாடக்கூடும்.

இரண்டாவது, தட்பவெப்பம். குதிரை வியர்வையால் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும் பிராணி. காற்றில் ஈரம் மிகுந்த கரையோர நாடுகளில் வியர்வை உலர்வதில்லை. குளிர்நாட்டிலிருந்து வந்த குதிரைகளுக்கு நாளடைவில் வியர்ப்பதே நின்றுபோகும் நோயும் உண்டாகிறது. அத்தகைய குதிரை சிறிது ஓடினாலும் மூச்சுத் திணறி விழும்.

மூன்றாவது, நோய். சர்ரா என்னும் நோயின் கிருமியை 1880-இல் பஞ்சாபில் கிரிபித் எவான்ஸ் என்னும் கால்நடை வைத்தியர் கண்டறிந்தார். மாட்டு ஈ கடிப்பதால் இது பரவுகிறது. மாடும் எருமையும் இக்கிருமியை உடலில் தாங்கியும் பெரும்பாலும் வெளிக்குறியின்றி இருக்கும். குதிரைக்கோ சிகிச்சையின்றேல் பெரும்பாலும் மரணமே. மாடு நிறைந்த ஊரில் ஒற்றைக் குதிரை எப்போதும் இந்த அபாயத்தில் நிற்கிறது.

நான்காவது, வேலை. நன்செய்ச் சேற்றில் மாட்டின் பிளந்த குளம்பு விரிந்து உடலைத் தாங்கும். கெட்டித்தரைக்கென அமைந்த ஒற்றைக் குளம்பு புதையும். ஐரோப்பாவில் கழுத்துப்பட்டை வழக்கத்திற்கு வந்த பிறகு குதிரை ஏர் உழுதது, அங்குள்ள வயல் புன்செயாகவும், ஓட்ஸ் போன்ற குதிரைத்தீனி அவ்வயலிலேயே விளைவதாகவும் இருந்தமையால்தான். இங்கே அவ்விரண்டும் இல்லை.

ஐந்தாவது, பழகிய ஆள். ஒரு பிராணியைப் பல தலைமுறைகளாக வளர்த்த கையின் அனுபவம் விலைக்கு வருவதன்று. குதிரையை விற்ற வணிகர் அவ்வனுபவத்தை விற்கவில்லை.

இக்காரணங்களை இந்தியாவின் குதிரை இனங்களும் உறுதிப்படுத்துகின்றன. மார்வாரி, கத்தியவாரி, கச்சி-சிந்தி ஆகியவை வறண்ட வடமேற்கிலும், ஸ்பிதி, ஜான்ஸ்காரி, பூட்டியா ஆகியவை குளிர்ந்த மலைகளிலும் உருவானவை. தமிழ்நாட்டிற்கென அங்கீகரிக்கப்பட்ட குதிரை இனம் இல்லை. அந்தியூரில் குருநாதசுவாமி கோவில் ஆடித் திருவிழாவில் கூடும் பெயர்பெற்ற குதிரைச் சந்தைக்கும் வெளிமாநில இனக் குதிரைகள் கொண்டுவரப்படுகின்றன. ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன் பழக்கப்பட்ட கழுதையோ, வெயிலையும் மட்டமான தீனியையும் பொறுப்பதால், பொன்னும் லாயமும் கேளாமல் தமிழ்க் கிராமங்களில் நெடுங்காலம் பொதி சுமந்தது. இந்தியா முழுவதிலுமே குதிரைகள் குறைந்து வருகின்றன. 2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கில் ஏறக்குறைய 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-இல் 3.4 லட்சமாயின.

கொள்ளு: குதிரை விட்டுச்சென்ற நற்பெயர்

குதிரைக்கு இந்நாடு அளித்த ஒரு நல்ல தீனி கொள்ளு. இப்பயறு இந்தியாவிலேயே பயிராக்கப்பட்டது. தென்னிந்தியாவின் புதிய கற்கால ஊர்களில் ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கொள்ளு மணிகள் கிடைத்துள்ளன. குதிரை தெற்கே வருமுன்னரே மனிதர் உணவாக இருந்த கொள்ளு, பிற்காலத்தில் குதிரையின் தீனியாகப் பெயர்பெற்றது. பச்சையாகக் கொடுத்தால் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் அதில் உள்ளமையால், ஊறவைத்து வேகவைத்துக் கொடுப்பதே முறை. குதிரைகள் குறைந்தபோதிலும் கொள்ளின் பயன் குறையவில்லை. இப்பகுதியின் மானாவாரிப் புன்செயில், புரட்டாசி முதல் கார்த்திகை வரை, ஏக்கருக்கு 8 கிலோ விதை கொண்டு குறைந்த செலவில் இதைச் சாகுபடி செய்யலாம். மணியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் உள்ளது. கொடி மாட்டிற்குத் தீனியாகும். வேர் மண்ணிற்குத் தழைச்சத்துத் தரும்.

நிலச்சொந்தக்காரர்கள் கைக்கொள்ள வேண்டிய முறை

அயல்நாட்டிலிருந்து வருவன யாவும் விலக்கத்தக்கவை என்பது இவ்வரலாற்றின் கருத்தன்று. குதிரையை அமெரிக்காவிற்குக் கொண்டுசென்ற அதே காலத்துக் கப்பல்கள் அங்கிருந்து மக்காச்சோளத்தையும் முந்திரியையும் பிற நாடுகளுக்குக் கொண்டுவந்தன. இன்று பெரம்பலூர், தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் ஜில்லாக்களுள் ஒன்று. ஜெயங்கொண்டம், செந்துறைப் பகுதிகளில் முந்திரித் தோப்புக்கள் செழித்துள்ளன. மண்ணும் மழையும் வெயிலும் அவற்றிற்குப் பொருந்தின. ஆதலால் அவை வேரூன்றின. எனினும் வந்த பயிரைத் தேடி அதன் சொந்த நாட்டுப் பகையும் பின்தொடரும். அமெரிக்கப் படைப்புழு 2018-இல் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்டு, அப்பருவத்திலேயே பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோள வயல்களைப் பெரிதும் பாழாக்கியது.

ஆகவே ஜெர்சி, ஹோல்ஸ்டீன் முதலிய கலப்பினப் பசுக்களையோ, வேற்று மாநில ஆட்டினங்களையோ, புதிய பயிர்களையோ வாங்க விரும்புவோர் பின்வருவனவற்றை முன்னரே ஆராய்தல் நலம்:

1. முதலில் தீவனம். பிராணியை வாங்குமுன் அதற்குரிய பசுந்தீவனம் சொந்த நிலத்தில் விளைய வேண்டும். தீவனமும் விலைக்கு வாங்குவதானால், அன்று பாண்டியன் குதிரைக்குச் செய்த செலவின் வழியே இன்றைய குடியானவரின் செலவும் செல்லும்.

2. கலப்பின் அளவு. சமவெளியின் வெயிலில் அயல் இரத்தம் பாதிக்கு மேல் மிகுந்த பசுக்கள் எளிதில் நோயுறும். பாலின் அளவை மட்டும் கருதிக் கலப்பை மேன்மேலும் ஏற்றுதல் தகாது. எந்த இனக் காளையின் விந்து செலுத்தப்படுகிறது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

3. சிறு அளவில் சோதனை. பத்துப் பசுக்கள் வாங்கும் எண்ணம் உள்ளவர் முதலில் இரண்டு வாங்கி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழிந்த பின் மேலே செல்லலாம்.

4. விற்பவர் கூறுவது போதாது. குதிரை வணிகர் தம் லாபத்திற்காக அறிவை மறைத்தமை நினைவிலிருக்கட்டும். பிராணியை வளர்க்கும் முறையை, அதை விற்பதில் ஆதாயம் இல்லாதவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

5. உள்ளூர் இனம். காங்கேயம், உம்பளாச்சேரி மாடுகளும் திருச்சி கறுப்புச் செம்மறியும் இந்நிலத்தின் தீனியிலும் வெயிலிலும் தேறியவை. புதியதை வாங்குவதற்காகப் பழையதன் கடைசிப் பசுவையும் விற்றுவிட்டால், புதியது பொய்த்தபோது திரும்பிச் செல்ல வழியிராது.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

திருவிழாவிற்கும் திருமண ஊர்வலத்திற்கும் குதிரைகள் ஊர்தோறும் கொண்டுசெல்லப்படுகின்றன. அவற்றின் மூக்கிலிருந்து கெட்டியான சளி ஒழுகுதல், மூக்கினுள்ளும் கால்களிலும் கட்டிகள் தோன்றிப் புண்ணாதல், நாளுக்குநாள் மெலிதல் ஆகியவை கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோயின் குறிகளாக இருக்கலாம். இந்நோய் மனிதருக்கும் தொற்றும். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, இத்தகைய நோய் உண்டென ஐயுறும் சொந்தக்காரர் அதைக் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிக்கோ தெரிவித்தல் வேண்டும். அங்கிருந்து செய்தி எழுத்து மூலம் அண்மையிலுள்ள கால்நடை மருத்துவருக்குச் செல்ல வேண்டும். அவர் வரும் வரை அப்பிராணியைத் தனியே கட்டி, அதன் தண்ணீர்த் தொட்டியையும் தீனிப் பாத்திரத்தையும் பிற பிராணிகள் அணுகாதபடி செய்வதும், வெறுங்கையால் அதன் புண்ணைத் தொடாதிருப்பதும் அவசியம்.

நாயளவு பிராணியாகத் தோன்றி, கண்டங்களைக் கடந்து, பேரரசுகளைத் தாங்கிய குதிரை, தன் புல் இருந்த இடத்தில் மட்டுமே தானாகப் பெருகியது. புல் இல்லாத இடத்தில் அதை நிறுத்திவைக்க முற்பட்டவர் நிலத்தின் விளைவை ஆண்டுதோறும் கடலுக்குக் கொடுத்தனர். இனி வாங்கவிருக்கும் பசுவைக் குறித்து முடிவு செய்யுமுன், அதற்குரிய புல் தம் வயலில் விளைந்துள்ளதா என்று முதலில் பார்த்துக்கொள்ளும் குடியானவர் அத்தகைய நஷ்டத்திற்கு ஆளாகார்.